டெல்டாவில் சோறு இருக்கிறது, தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது? படிப்பு, வருமானம், சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவில், திருவாரூர், மன்னார்குடிப் பக்கத்து ஊர்களில் மகளிர் குழுக் கூட்டங்களிலும் அங்கன்வாடி வாசலிலும் சத்துணவு பற்றிப் பேசப் போகும்போது திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே, பதில்கள் கொஞ்சம் விரிவாக.

நெல் விளைகிற பூமியில் சாப்பாட்டுக்கு என்ன குறைச்சல்?

சோற்றுக்குக் குறைச்சல் இல்லை. 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011 ஜூனிலிருந்து இலவசம். அந்த அரிசி வந்தபிறகு எங்கள் பக்கத்துக் கிராமங்களில் உலை வைக்காத வீடு என்று ஒன்றைக் காட்டுவது கஷ்டம். இலவசம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று யாராவது பேசினால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

ஆனால் வயிறு நிறைந்ததோடு கதை முடியவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில், அதே வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம். இந்த இரண்டும் ஒரே தெருவில் இருக்கிறது, சில சமயம் ஒரே உடம்பில் இருக்கிறது. பார்க்க ஆள் பருமனாக இருப்பார், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் எட்டோ ஒன்பதோ இருக்கும். தட்டைப் பார்த்தால் காரணம் தெரியும்: நிறையச் சோறு, மேலே புளிக்குழம்பு, ஓரத்தில் ஒரு அப்பளம். இன்றைக்கு டெல்டாவில் ஒரு வீட்டின் வசதியைச் சோற்றை வைத்துச் சொல்ல முடியாது, சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

நல்ல சாப்பாடு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரிசி, கோதுமை, கேழ்வரகு போன்ற தானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, அப்புறம் கொஞ்சம் கடலை வகை, எண்ணெய். மொத்தச் சக்தியில் தானியத்திலிருந்து வருவது 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது அந்த வழிகாட்டி. வயலில் குனிந்து நாள் முழுக்க வேலை செய்பவருக்கு 2,000 கலோரி போதாது, அவருக்குச் சோறு கூடத்தான் வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் தட்டின் விகிதம் எப்படி இருக்க வேண்டும் என்பது இதில் தெரிகிறது.

ரேஷன்ல அரிசி, பருப்பு, பாமாயில், சர்க்கரை எல்லாம் வருதே, அது போதாதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், நானும் கூட்டங்களில் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

நாலு பேர் உள்ள அட்டை. மேலே சொன்ன அளவில் தானியம் மாதம் 30 கிலோ வேண்டும். ரேஷனில் 20 கிலோ இலவசமாக வருகிறது, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. பருப்பு நாலு பேருக்கு மாதம் 10 கிலோ வேண்டும். ரேஷனில் துவரம்பருப்பு ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. அதாவது பத்தில் ஒரு பங்கு. மீன், முட்டை சாப்பிடுகிற வீடு, பருப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறோம் என்றாலும் 5 கிலோவில் ஒரு கிலோதான் வந்திருக்கிறது. மிச்சத்தை வெளிக்கடையில் நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்க வேண்டும். பால் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 1.2 லிட்டர், லிட்டர் 40 ரூபாய் என்று போட்டாலே மாதம் 1,440 ரூபாய். காய்கறிக்கும் பழத்துக்கும் ரேஷனே கிடையாது.

ஆக, அரசாங்கம் சோற்றைப் பெருமளவு பார்த்துக்கொண்டது. சோற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதெல்லாம் உங்கள் வருமானத்தின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. ஏழை வீட்டுத் தட்டும் வசதியான வீட்டுத் தட்டும் பிரிகிற இடம் இதுதான்.

அப்ப சம்பாத்தியம் கூடுனா சாப்பாடு தானா நல்லாயிடுமா?

ஓரளவுக்கு ஆகும். வாரம் ஒருநாள் முட்டை எடுத்த வீடு மூன்று நாள் எடுக்கும், கருவாட்டுக்குப் பதில் மீன் வரும், பிள்ளைக்குப் பால் வரும். இந்த முதல் படி ரொம்ப முக்கியம், இதை ஏறாத குடும்பத்திடம் போய்ச் சத்துணவு பற்றி வகுப்பு எடுப்பது வீண்.

அதற்கு மேல் போகும்போதுதான் பணம் வேறு திசையில் திரும்புகிறது. ஒன்றிய அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் இதைப் பார்க்கலாம். இந்தியக் கிராமங்களில் 1999-2000இல் மொத்தச் செலவில் 22 சதவீதம் தானியத்துக்குப் போனது, 2022-23இல் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே காலத்தில் பானங்கள், பதப்படுத்திய உணவுகள், வெளியில் வாங்கும் தின்பண்டங்களுக்கான பங்கு 4 சதவீதத்திலிருந்து 9.6 சதவீதமாக ஏறிவிட்டது. புள்ளிவிவரம் வேண்டாம் என்றால் கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை பேருந்து நிலையங்களைச் சுற்றி ஒருமுறை சாயங்காலம் நடந்து பாருங்கள். பேக்கரி, பரோட்டாக் கடை, சில்லி சிக்கன் வண்டி. கையில் காசு வந்த குடும்பம் முதலில் அங்கேதான் நிற்கிறது. அதில் எனக்குக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. பல தலைமுறையாக அடுத்தவன் வீட்டு வாசலில் நின்று கஞ்சி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் மேசையில் உட்கார்ந்து ஆர்டர் பண்ணிச் சாப்பிடுகிறார்கள், அந்த மரியாதைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள்.

வருமானம் குறைவாக இருப்பது மட்டும்தான் பிரச்சினையா?

குறைவு ஒரு பிரச்சினை. எப்போது வரும் என்று தெரியாதது அதைவிடப் பெரிய பிரச்சினை, டெல்டாவில் குறிப்பாக.

பாசனத்துக்கு மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2024இல் திறந்தது ஜூலை கடைசியில். அணை திறப்பு தள்ளிப்போனால் குறுவை, அதாவது முதல் போக நெல், போகும், குறுவை போனால் நடவுக் கூலி போகும், களையெடுப்பும் போகும். தண்ணீர் சரியாக வந்த வருஷத்திலும் நடவுக்கு மிஷின் வந்துவிட்டது, இல்லாவிட்டால் வடமாநிலத்து ஆட்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நட்டுவிட்டுப் போகிறார்கள். அறுவடை முழுக்க மிஷின். முன்பு ஒரு குடும்பத்துக்குத் தை, மாசியில் களத்திலிருந்து நெல் மூட்டை வரும். இப்போது அந்த மாதங்களில் கணவர் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ போயிருப்பார், பணம் வரும்போது வரும். கடற்கரைப் பக்கம் வேதாரண்யம், நாகப்பட்டினத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டுக்கு அந்த இரண்டு மாதமும் இழுபறிதான்.

வருமானம் இப்படி வரும்போது மளிகை எப்படி வாங்குவார்கள் என்று கடையில் நின்று பார்த்தால் தெரியும். பத்து ரூபாய் எண்ணெய்ப் பாக்கெட் ஒன்று, நூறு கிராம் பருப்பு, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார்ப் பொடி, இரண்டு தக்காளி. அதே பருப்பை மாதத்துக்கு மொத்தமாக வாங்குகிறவருக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சமாகும், சில்லறையில் வாங்குகிறவருக்கு அதுதான் கூடுதல் செலவு. அப்புறம் வாரத் தவணை. மைக்ரோ பைனான்ஸ் குழுவில் வாங்கிய கடனுக்குத் திங்கட்கிழமை காலையில் ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார். அந்தப் பணத்தைத் தள்ளிப்போட முடியாது, குழம்பைத் தள்ளிப்போடலாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை மீன் எடுக்காமல் விட்ட வீடுகள் எனக்குத் தெரிந்தே நிறைய.

படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? சமைக்கப் பட்டம் வேணுமா?

பட்டம் வேண்டாம். ஆனால் தாயின் படிப்பு குழந்தையின் வளர்ச்சியில் நன்றாகவே தெரிகிறது. அதே 2019-21 ஆய்வில், இந்திய அளவில், பள்ளிக்கே போகாத தாய்மார்களின் சிறு குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போ அதற்கு மேலோ படித்த தாய்மார்களின் குழந்தைகளில் அது ஏறக்குறையக் கால் பங்கு. படித்த பெண்கள் பெரும்பாலும் வசதியான வீட்டில் இருப்பார்கள், அந்த வசதியைக் கழித்துப் பார்த்தால் இடைவெளி குறையும், ஆனால் காணாமல் போகாது.

எந்த வழியாக இது நடக்கிறது என்பதில் எனக்கு ஒரு உறுதியான அபிப்பிராயம் உண்டு. 'கீரையில் இரும்புச்சத்து' என்று பாடத்தில் படித்ததால் யாரும் கீரை சமைப்பதில்லை. படித்த பெண்ணுக்குக் கல்யாணம் இரண்டு மூன்று வருஷம் தள்ளிப்போகிறது, முதல் பிரசவத்தின்போது உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தால் எதற்கு, எப்போது சாப்பிட வேண்டும் என்று நர்சம்மாவிடம் திருப்பிக் கேட்கிறாள். பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்ததும் பருப்புச் சாதம் மசித்துக் கொடுக்கலாமா என்று மாமியார் தடுக்கும்போது, "இல்ல அத்தை, டாக்டர் குடுக்கச் சொன்னாங்க" என்று சொல்லும் தைரியம் அவளுக்கு இருக்கிறது. மாதச் சம்பளம் வருகிற வேலை கிடைத்தால், மேலே சொன்ன சில்லறைச் சிக்கலே போய்விடுகிறது.

அதனால்தான் மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூரின் பெயரோடு சேர்ந்த இராமாமிர்தம் அம்மையார் திட்டம் 2022இல் கல்யாண உதவியிலிருந்து உயர்கல்வி உதவியாக மாறியதை நான் முக்கியமாக நினைக்கிறேன். புதுமைப் பெண் என்று சொல்கிறார்களே, அதுதான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழுகிறது. இதைச் சத்துணவுத் திட்டம் என்று யாரும் சொல்வதில்லை, நான் சொல்வேன்.

படிச்சவங்க எல்லாம் ஒழுங்கா சாப்பிடுறாங்களா?

இல்லை. எழுதப்படிக்கத் தெரிந்த, ஓரளவு காசும் உள்ள வீட்டில்தான் விளம்பரம் முதலில் நுழைகிறது. பிள்ளைக்குப் பாலில் போடும் மால்ட் பவுடர்களைச் 'சத்துபானம்' என்று நம்பி மாதம் பல நூறு ரூபாய் செலவழிக்கிறார்கள், அதில் பெரும்பங்கு சர்க்கரையும் மாவும். 2024 ஏப்ரலில் ஒன்றிய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளிடம் இந்தப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுக்கச் சொன்னது. அந்தச் செய்தி ஊருக்குள் வந்து சேரவே இல்லை.

சர்க்கரை வியாதி வசதியானவங்க வியாதிதானே?

இப்போது அப்படிச் சொல்ல முடியாது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, நாட்டின் சராசரி 11.4. மூன்று வேளையும் அரிசி, டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, வயலில் குனிந்து செய்த வேலை நின்றுபோனது, எல்லாம் சேர்ந்து கூலி வீடுகளுக்கும் வந்துவிட்டது. மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல விஷயம். ஆனால் "அரிசியைக் குறைங்க, காய் கூட்டுங்க" என்று சொல்லும்போது, இலவசமாக வருவதைக் குறைத்து விலைக்கு வாங்குவதைக் கூட்டச் சொல்கிறோம் என்பதைச் சொல்கிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எங்க ஆத்தா பள்ளிக்கூடமே போனதில்ல. ஆனா கீரை, மீன், நண்டுன்னு நல்லாத்தானே சாப்பிட்டாங்க?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

உங்கள் ஆத்தாவுக்கு ஒரு படிப்பு இருந்தது, சான்றிதழ் இல்லை, அவ்வளவுதான். களையெடுக்கப் போன பெண்கள் களையில் எது மாட்டுக்கு, எது மனுஷனுக்கு என்று பிரித்து மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, வள்ளைக்கீரை, குப்பைக்கீரை. வாய்க்காலில் தண்ணீர் வடியும்போது கெண்டை, குரவை, கெளுத்தி, சேற்றில் விரால். வரப்பு வளையில் நண்டு, மழை பெய்தால் நத்தை, அறுவடை முடிந்தால் வயல் எலி. எதுவும் காசு கொடுத்து வாங்கியதில்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் வயலே கொடுத்தது.

அது ஏன் போனது? களைக்கொல்லி அடித்தபிறகு களையும் இல்லை, கீரையும் இல்லை. பூச்சிமருந்து நண்டையும் நத்தையையும் கொன்றது. ஊர்க் குளங்கள் மீன் வளர்க்க ஏலத்துக்குப் போயின, ஏலம் எடுத்தவர் தவிர வேறு யாரும் இறங்கக் கூடாது. இவற்றோடு இன்னொன்றும் நடந்தது, அதைப் பேச மக்கள் கூச்சப்படுகிறார்கள். நத்தை, எலி, மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் என்று சாதியைச் சொல்லி ஏசினார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் டிபன் பாக்ஸைப் பார்த்து மூக்கைப் பிடித்தார்கள். படித்து முன்னேற வேண்டும் என்றால் அந்தச் சாப்பாட்டை விட்டுவிட வேண்டும் என்று ஒரு தலைமுறையே முடிவு செய்தது. நத்தைக்கறியின் இடத்துக்கு வந்தது பாக்கெட் அப்பளம். சத்துக் கணக்கில் அது பெரிய நஷ்டம், ஆனால் அந்த முடிவை எடுக்கவைத்தவர்கள் யார் என்பதை மறக்கக் கூடாது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்றும் நினைத்துவிடாதீர்கள். கூலி நெல்லாக அளந்தார்கள், அளவைக் கூட்டிக் கேட்டால் அடி. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். விவசாயக் கூலிகள் சங்கம் வைத்துக் கூலி உயர்வு கேட்ட போராட்டம் அது, கேட்டது மரக்கால் கணக்கில்கூட இல்லை, அரைப்படி நெல் கூடுதலாக. உங்கள் ஆத்தா கீரை பறித்ததில் அறிவும் இருந்தது, வேறு வழியில்லாத பசியும் இருந்தது.

உளுந்தும் பயறும் இங்கயே விளையுதே, அப்புறம் ஏன் பருப்புக்குப் பஞ்சம்?

குறுவைக்கு அடுத்து வரும் நெல் போகங்களான சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, வயலில் ஈரம் இருக்கும்போதே உளுந்தையும் பச்சைப்பயறையும் நெல்லுக்குள் விதைத்துவிடுவார்கள். நெல் அறுத்தபிறகு அது மண் ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து பங்குனியில் பிடுங்கலுக்கு வரும். தனியாகத் தண்ணீர் வேண்டாம், உழவு வேண்டாம். பிடுங்கி அடித்தவர்களுக்குக் கூலியில் ஒரு பங்கைப் பயறாகவே கொடுத்த ஊர்கள் உண்டு. அது நிலம் இல்லாத வீட்டிலும் கோடை முழுக்கச் சுண்டலாகவும் துவையலாகவும் பயன்பட்டது.

அணை திறப்பு தள்ளிப்போனால் சம்பா தள்ளிப்போகும், பயறு விதைக்கும்போது ஈரம் இருக்காது. அறுவடை மிஷினின் செயின் முளைத்த பயறை நசுக்கிவிடும். தைக் கடைசியில் மழை பெய்தால் அழுகிவிடும். இவ்வளவையும் தாண்டி விளைந்தால் வியாபாரி களத்துக்கே வந்து எடுத்துக்கொள்கிறார், கடனில் இருப்பவர் வீட்டுக்கென்று ஒரு மரக்கால் எடுத்து வைப்பதுகூடக் கஷ்டம். இது அரசாங்கம் தலையிட வேண்டிய இடம், கடைசியில் சொல்கிறேன்.

பாரம்பரிய அரிசிக்கு மாறினா எல்லாம் சரியாகிடுமா?

நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 2 கிலோ விதை கொடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களைக் காப்பாற்றிக் கொடுத்தார். பெரிய காரியம். ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் இன்று விற்கிற விலையில் வாங்குகிறவர்கள் சென்னையிலும் தஞ்சாவூர் டவுனிலும் இருக்கும் படித்த சம்பளக்காரர்கள். அந்த வயலில் வேலை செய்தவர் ரேஷன் அரிசிதான் சாப்பிடுகிறார். தவிடு நீக்காத அரிசி நல்லதுதான், வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாதவர்கள் அந்தக் காசில் முட்டையும் கீரையும் வாங்கினால் பலன் அதிகம்.

ஒரே வீட்டுல எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதானே?

ஒரே பானை, ஆனால் ஒரே சாப்பாடு இல்லை. மீன் குழம்பில் துண்டு முதலில் வீட்டுக்காரருக்கு, அப்புறம் பையன்களுக்கு, கடைசியாகச் சாப்பிடும் அம்மாவுக்குக் குழம்பின் அடியும் மீன் தலையும். நடவுக்குப் போகும் ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு எழுந்து சோறு வடித்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு, தூக்கில் பழைய சோறும் ஊறுகாயும். பத்து மணிக்கு வயலில் டீயும் ஒரு வடையும். திரும்பும்போது நாலு மணி, அப்புறம் துணி, தண்ணீர், மாடு. ராத்திரிக்கு அவளிடம் போய் பொரியல் ஏன் செய்யவில்லை என்று யார் கேட்பது? காசு பற்றாக்குறையைவிட நேரப் பற்றாக்குறை அவள் தட்டை அதிகம் குறைக்கிறது.

கூலி நேராகச் சாராயக் கடைக்குப் போகும் வீட்டில், வருமானம் எவ்வளவு என்று கேட்பதே அர்த்தமில்லாத கேள்வி. அதனால்தான் 2023 செப்டம்பர் 15 முதல் வரும் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய், தொகை சிறியதாக இருந்தாலும், பெண்ணின் கணக்கில் வருவதால் அதில் ஒரு பகுதியாவது அடுப்படிக்குப் போகிறது.

பள்ளிக்கூடச் சாப்பாட்டால வித்தியாசம் இருக்கா?

இருக்கிறது, கண்ணால் பார்க்கலாம். 1956இல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989இல் கலைஞர் ஆரம்பித்த முட்டை, இன்று வாரத்தில் ஐந்து நாளும் முட்டை என்று வளர்ந்திருக்கிறது. காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது 2023 ஆகஸ்ட் 25 அன்று, நாகை மாவட்டம் திருக்குவளையில். அம்மா விடிகாலையிலேயே வயலுக்குக் கிளம்பும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த உப்புமாவும் கிச்சடியும் சாதாரண விஷயம் இல்லை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கொஞ்சம் வருமானம் கூடிய குடும்பம் முதலில் செய்வது பிள்ளையை வேன் வைத்து இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளிக்கு அனுப்புவது. ஃபீஸ், வேன் காசு கட்ட வேண்டும், அதோடு காலை உணவும் மதிய உணவும் ஐந்து முட்டையும் போய்விடுகிறது. பிள்ளை டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம், ஸ்நாக்ஸுக்குக் கிரீம் பிஸ்கட். படிப்புக்காகச் செலவழித்ததே பிள்ளையின் சாப்பாட்டைக் குறைத்துவிட்டது. வருமானம் கூடியும் தட்டு மோசமான வீடுகளில் பாதி இப்படித்தான் என்பது நான் பார்த்த வரையில் என் கணிப்பு. சேர்க்கும் முன்பு அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு இருபது முப்பது ரூபாதான் கூடப் போட முடியும். அதுல என்ன செய்யலாம்?

முதலில் முட்டை. ஆறேழு ரூபாய்க்கு ஆறு கிராம் நல்ல புரதம் வேறு எதிலும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது, சமைக்க நேரமும் வேண்டாம். நிலக்கடலை நூறு கிராமில் 25 கிராம் புரதம், அவித்துக் கொடுத்தால் பிள்ளைகள் பிஸ்கட்டை மறந்துவிடும். மீன் வாங்கினால் வஞ்சிரம், வவ்வால் என்று தேட வேண்டாம், மத்தி, கவலை, நெத்திலி, காரப்பொடியில் சத்து அதிகம், விலை குறைவு. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச்சத்தும் சேர்கிறது. பழம் என்றால் ஆப்பிள் இல்லை, பூவன் வாழைப்பழமும் கொய்யாவும்.

கொல்லையில் ஒரு முருங்கைக் கிளையை நட்டுவிடுங்கள். கீரை சாப்பிடும்போது ஒரு துண்டு எலுமிச்சை பிழிந்துகொண்டால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் எங்கள் பக்கம் நிறைய, அது இரும்புச்சத்தைத் தடுத்துவிடும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். காசே செலவாகாத மாற்றம் இது, ரத்தசோகை உள்ளவர்கள் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

அரசாங்கம் என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?

துவரம்பருப்பு ஒரு கிலோவை மூன்று கிலோவாக ஆக்க வேண்டும். டெல்டாவில் விளையும் உளுந்தையும் பயறையும் நெல்லைப்போல நேரடிக் கொள்முதல் நிலையங்களிலேயே வாங்கி, அதே மாவட்ட ரேஷன் கடைகளில் கொடுக்க வேண்டும். நூறு நாள் வேலையை வயலில் வேலை இல்லாத மாதங்களில் திட்டமிட்டுக் கொடுத்து, கூலியைத் தாமதமில்லாமல் போட வேண்டும். ஊர்க் குளத்தில் ஒன்றையாவது ஏலம் விடாமல் ஊராருக்கு விட வேண்டும். காலை உணவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தாமல் எட்டு வரைக்கும், குறிப்பாக வயதுக்கு வரும் பெண் பிள்ளைகளுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் அரிசி கலந்து வருதே, அத பொறுக்கிப் போடலாமா?

போடாதீர்கள். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து அரிசி வடிவத்தில் பிழிந்தது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து ரேஷன் அரிசியில் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலக்கத் தொடங்கினார்கள். நிறம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், கழுவும்போது சிலது மிதக்கும், அதனால் சந்தேகம் வருவது இயல்பு. ஒரு கூட்டத்தில் ஒரு அக்கா சொளகில் வைத்துப் பொறுக்கிச் சேர்த்த ஒரு கைப்பிடியைக் கொண்டுவந்து காட்டினார், ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். கடையில் மூட்டையைப் பிரிக்கும்போது யாராவது ஒருவர் இரண்டு நிமிஷம் சொல்லியிருந்தால் போதும், யாரும் சொல்லவில்லை. அவர் முன்னாலேயே அந்தக் கைப்பிடியில் கொஞ்சத்தைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் காட்டினோம், சோறுபோலவே வெந்து குழைந்தது. நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். இரண்டு தண்ணீரில் கழுவினால் போதும், நாலைந்து முறை தேய்த்துக் கழுவ வேண்டாம். வடித்த கஞ்சியில் வைட்டமினில் ஒரு பகுதி இறங்கியிருக்கும், அதைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடியுங்கள்.